விலை குறைந்த ஷாட்கன் மைக்: கேளுங்கள், சொல்கிறேன்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, குறைந்த விலை ஷாட்கன் மைக்கிலும் (முன்னால் இருப்பதை மட்டும் குறிபார்த்துக் கேட்பதற்கான நீளக் குழல் மைக்) நல்ல ஒலி எடுக்கலாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம் சார். கேமரா மேல் மாட்டுகிற மலிவான ஷாட்கன் மைக் ஒன்று வாங்கினோம். நடிப்பவர் பத்தடி தள்ளி நின்று பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா? பெரிய மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஏமாறவில்லை. மைக் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, இருக்கிற இடம்தான் தப்பு. ஷாட்கன் என்றதும் தூரத்துச் சத்தத்தை இழுத்துக் கிட்டே கொண்டுவரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எதையும் இழுக்காது. பக்கவாட்டிலிருந்து வருவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். இரண்டரை அடியில் இருக்க வேண்டிய மைக் பத்தடியில் இருந்தால் 12 டெசிபல் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி இருக்கிறதே, அது அறையில் எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆக, பத்தடியில் உங்கள் மைக் கேட்பது பாதி ஆளை, பாதி சுவரை. ஒலி அளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். சினிமாக்காரர்கள் பல வருடமாக நம்பிப் பயன்படுத்தும் சென்ஹைசர் எம்கேஎச் 416-ஐ அதே பத்தடியில் வைத்தாலும் இந்தக் கதைதான். அதைவிட உங்கள் மலிவு மைக்கை இரண்டடியில் கொண்டுபோய் நிறுத்தினால் நன்றாக இருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேமரா மேல் மாட்ட இடம் இருக்கிறது என்பதற்காக அங்கேதான் மாட்ட வேண்டும் என்று சட்டமில்லை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் நீட்டுக் கழி ஒன்று, அதன் நுனியில் மைக்கை ரப்பர் பட்டையில் தொங்கவிடுகிற ஷாக் மவுண்ட் ஒன்று, நாலைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று. பெரிய மைக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் சின்னப் பங்கை இதில் போடுங்கள். மைக்கைப் பேசுகிறவரின் தலைக்கு மேலே, சற்று முன்னால் வைத்து, வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறிபார்க்கும்படி சாயுங்கள். எவ்வளவு கிட்டே என்று கேட்டால், கேமராவில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள், மைக்குக்கு மாட்டிய பஞ்சு உறையின் நுனி ஃபிரேமுக்குள் எட்டிப்பார்த்ததும் "ஆங், வருது" என்பார், அங்கிருந்து ஒரு சாண் மேலே தூக்கினால் அதுதான் இடம். கழி பிடிப்பவர் விரலில் மோதிரம் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கழியில் அது தட்டுவது அப்படியே ஏறும். கேபிளையும் ஆடாமல் கழியோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

கேபிள் எட்டவில்லையா? மைக்கை ஒரு ரெக்கார்டரிலோ இன்னொரு போனிலோ செருகித் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஷாட் ஆரம்பத்தில் ஒரு கைதட்டு தட்டிவிட்டால் எடிட்டில் சேர்ப்பது நிமிட வேலை.

கேள்வி: குழலின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கீறல்கள் இருக்கின்றன. அவை எதற்கு? பிடிக்க வசதியாக அங்கே டேப் சுற்றலாமா?

பதில்: ஐயோ, சுற்றிவிடாதீர்கள்! அந்தக் கீறல்கள்தான் ஷாட்கன்னே. ஒலியைப் பிடிக்கும் காப்ஸ்யூல் குழலின் நுனியில் இல்லை, பின்னால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. முன்னாலிருந்து வரும் ஒலி குழல் வழியாகவும் கீறல்கள் வழியாகவும் நுழைந்தாலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பக்கவாட்டில் வரும் ஒலி ஒவ்வொரு கீறலிலும் நுழைந்து, வெவ்வேறு தூரம் நடந்து, முன்னும் பின்னுமாகக் காப்ஸ்யூலை அடையும். ஓர் அலை மேடாக வரும்போது இன்னொன்று பள்ளமாக வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். யோசனை பழசு. 1939-இல் பெல் ஆய்வகத்தின் மேசனும் மார்ஷலும் வெவ்வேறு நீளமுள்ள குழாய்களைக் கட்டாகக் கட்டி இப்படி ஒரு மைக் செய்து காட்டினார்கள். அந்தக் குழாய்க் கட்டின் வேலையைப் பிற்பாடு கீறல் போட்ட ஒற்றைக் குழல் செய்ய ஆரம்பித்தது.

ஆனால் இந்த வித்தை ஒலியலை குழலைவிடச் சின்னதாக இருந்தால்தான் பலிக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜாண் நீளக் குழல் அதை என்ன செய்ய முடியும்? அதனால் ஜெனரேட்டர் உறுமல், லாரி போகும் அதிர்வு, ஏசியின் ரீங்காரம் இதெல்லாம் மைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரளவு வந்தே தீரும். "பக்கத்துச் சத்தம் வராது" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிச் சாலையோரம் போய் நிற்காதீர்கள். இன்னொன்று, இந்த வகை மைக் பின்பக்கத்தையும் கொஞ்சம் கேட்கும். கேமரா மேல் மாட்டியிருந்தால் அந்தப் பின்பக்கம் யாருடைய மூக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டில் சின்ன அறையில் உட்கார்ந்து பாடம் நடத்தி வீடியோ போடுகிறேன். ஷாட்கன் வாங்கிய பிறகு குரல் முன்பைவிட மோசமாக, டப்பாவுக்குள் பேசுவது மாதிரி இருக்கிறது. எப்படி?

பதில்: அறைக்குள் இது நடக்கும். மேலே சொன்ன அடித்துக்கொள்ளும் வேலை எல்லாச் சுருதியிலும் ஒரே சீராக நடப்பதில்லை. உங்கள் குரல் சுவரிலும் கூரையிலும் மோதிப் பக்கவாட்டில் திரும்பி வரும்போது குழல் அதில் சில சுருதிகளைத் தின்றுவிட்டுச் சிலதை விட்டுவைக்கிறது. அந்த அரைகுறை எதிரொலி உங்கள் நேர்க்குரலோடு கலந்தால் டப்பாச் சத்தம்தான். பேசிக்கொண்டே தலையைத் திருப்பினால் குரலின் நிறமே மாறுவதையும் கவனித்திருப்பீர்கள்.

அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். "டங்" என்று வால் நீண்டால் முதல் செலவு மைக்கில் இல்லை. கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் கனமான போர்வை தொங்கவிடுங்கள், தரையில் விரிப்பு போடுங்கள், மைக்கை முகத்துக்கு ஒன்றரை அடிக்குள் கொண்டுவாருங்கள். அதற்கும் மசியாத அறை என்றால் சட்டையில் குத்தும் காலர் மைக்குக்கு மாறிவிடுங்கள். தனியாக உட்கார்ந்து பாடம் எடுக்கிறவருக்கு அதுதான் நிம்மதி. ஷாட்கன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு நல்ல இடத்தில் எடுத்தாலும் பின்னால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல். மலிவு மைக் என்பதாலா?

பதில்: கொஞ்சம் மைக், நிறைய கேமரா. பல கேமராக்களில் மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி சுமார் ரகம், கூட்டக் கூட்ட இரையும். போதாக்குறைக்கு ஆட்டோ லெவல் என்று ஒன்று உண்டு. நீங்கள் பேச்சை நிறுத்திய நொடி, "அடடா சத்தமே இல்லையே" என்று அது தானாக ஏற்றும், இரைச்சல் குபீரென்று எழும். முதலில் அதை அணைத்து மேனுவலுக்கு வாருங்கள். மைக்கின் பின்பக்கத்தில் +10 அல்லது +20 டெசிபல் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, கேமராவின் ஒலி அளவை அடிமட்டத்திலிருந்து ஒன்று இரண்டு படி மட்டும் ஏற்றுங்கள். உரக்கப் பேசும் இடத்தில் ஒலி அளவு காட்டும் மீட்டர் −12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலை எந்த மென்பொருளும் முழுசாக ஒட்டவைக்காது. மெதுவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

மைக்குக்கென்றே ஒரு சொந்த இரைச்சலும் உண்டு. எம்கேஎச் 416-க்கு 13 டெசிபல், ரோட் என்டிஜி 2-க்கு 18 என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. விலை குறைந்த பல மைக்குகளில் இந்த எண்ணையே போடுவதில்லை, ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டடியில் இருந்து பேசும் மனிதக் குரலுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் பறவைச் சத்தம் பதிவு செய்ய?

பதில்: அங்கேதான் தெரியும். மெல்லிய சத்தம், தூரமும் அதிகம், சுற்றிலும் அமைதி. அளவை மிகவும் ஏற்ற வேண்டியிருக்கும், மைக்கின் இரைச்சலும் கூடவே வரும். மலிவு ஷாட்கன்னில் கற்றுக்கொள்ளலாம், பறவை அருகில் வந்து உட்கார்ந்தால் நல்ல பதிவும் கிடைக்கும். இதையே தீவிரமாகச் செய்கிறவர்கள் பரவளையக் கிண்ணம் வைத்துக்கொள்வது வழக்கம். அது நிஜமாகவே ஒலியைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிக்கிறது, ஷாட்கன் அதைச் செய்வதில்லை. கிண்ணத்தைவிடப் பெரிய அலைநீளத்துக்கு அதுவும் பயன்படாது என்பதால் கனமான குரலுள்ள பறவைகளுக்கு அது சுமார்தான்.

கேள்வி: மைக்கை போனில் செருகிப் பேசினேன். செருகாமல் பேசியதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. மைக் கெட்டுவிட்டதா?

பதில்: அநேகமாக போன் உங்கள் மைக்கைக் கண்டுகொள்ளவே இல்லை, தன் மைக்கிலேயே பதிவு செய்திருக்கிறது. பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது டிஆர்எஸ், கேமராவுக்கானது. மூன்று இருந்தால் டிஆர்ஆர்எஸ், போனின் ஹெட்போன் துளைக்கு அதுதான் வேண்டும். மாற்றித் தருகிற சின்ன கேபிள் தனியாகக் கிடைக்கிறது. யூஎஸ்பி-சி மட்டும் இருக்கிற போன் என்றால் மைக் உள்ளீடு உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள், சில அடாப்டர்கள் பாட்டுக் கேட்க மட்டும்தான். எந்த மைக் வேலை செய்கிறது என்று தெரிய, பதிவை ஓடவிட்டு ஷாட்கன்னின் பஞ்சை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், அப்புறம் போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எக்ஸ்எல்ஆர் முனை (மூன்று ஊசி கொண்ட வட்ட முனை) உள்ள மைக் என்றால் கதை வேறு. பெரும்பாலானவற்றுக்கு ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், போனோ சாதாரண கேமராவோ அதைத் தராது. உள்ளே பேட்டரி போடும் மாடல் அல்லது அந்த மின்சாரம் தருகிற ஒரு ரெக்கார்டர் தேவை.

கேள்வி: மைக்கோடு வந்த பஞ்சைப் போட்டுத்தான் வெளியே எடுத்தேன். ஆனாலும் காற்று "படபட"வென்று அடித்து எல்லாம் பாழ்.

பதில்: அந்தப் பஞ்சு அறைக்குள் ஃபேன் காற்றுக்கும், பேசும்போது வரும் மூச்சுக்கும் சரி. வெளியே போனால் முடி முடியாகத் தொங்கும் உறை கட்டாயம். பார்க்கப் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மைக்கில் லோ-கட் ஸ்விட்ச் இருந்தால் போடுங்கள், அடிமட்ட உறுமல் குறையும். பலமான காற்றென்றால் இடத்தை மாற்றுவதுதான் வழி, ஒரு சுவரின் மறைவு எந்த உறையையும் விட நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எதிர்க் கட்டடத்தில் பேசுவதைக் கேட்க முடியுமா?

பதில்: முடியாது. முடிந்தாலும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஷாட்கன் என்ற பெயரில் வெறும் குழாயை விற்கிறார்களாமே. வாங்கும்முன் எப்படிச் சோதிப்பது?

பதில்: விற்கிறார்கள்தான். சாதாரணக் காப்ஸ்யூல் ஒன்றை நீளக் குழலில் போட்டு, அழகுக்குக் கோடு கிழித்த சரக்கும் உண்டு. சோதிக்க ஹெட்போன் வேண்டும். மைக்கை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒருவரை மூன்றடி தள்ளி ஒரே குரலில் எண்ணிக்கொண்டே சுற்றி நடக்கச் சொல்லுங்கள். நேர் முன்னால் இருந்து பக்கத்துக்கு வரும்போது "ச", "ஸ" போன்ற கூர்மையான ஒலிகள் முதலில் மங்கி, குரலும் சன்னமாக வேண்டும். முதுகுப் பக்கம் போகும்போது கொஞ்சம் திரும்பி வரும், அது குறையில்லை. முழுச் சுற்றிலும் ஒரே மாதிரிக் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திறந்த வெளியில் செய்வது நல்லது, எதிரொலிக்கும் அறையில் அசல் மைக்கே போலி மாதிரி நடிக்கும்.

வாங்கிய பிறகு ஒன்று. பேட்டரி மாடல் என்றால் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் மைக்கின் உள்பாகம் போச்சு. ஈரக் காற்றில் "பட் பட்" என்று பொரிந்தால் பயப்படாதீர்கள், காப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கும். உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.