ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்கு முன்

கேள்வி: ஐயா, என் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பாடப்புத்தகம் எல்லாம் டேப்பில் பிடிஎஃப்தான். “எல்லாம் படிச்சிட்டேம்மா” என்கிறாள், ஆனால் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவே இல்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடையில் கேட்டால், சொன்ன தொகை மலைப்பாக இருக்கிறது. செலவு செய்யலாமா?
– ஒரு தாய், திருப்பாப்புலியூர்

பதில்: முதலில் ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகாதீர்கள் அம்மா. உங்கள் தெருவில் பத்தாவது முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கேளுங்கள், பரணில் கிடக்கும். 2018-ல் தொடங்கிப் பாடத்திட்டம் மாறியது, அதனால் எந்தப் பதிப்பு என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். (பழைய புத்தகத்தையும் படிக்கணும் என்று ஒரு கூட்டம் சொல்லும், அது தனிச் சண்டை.)

அந்த “எல்லாம் படிச்சிட்டேம்மா”தான் எனக்கு இடிக்கிறது. பொய் சொல்கிறாள் என்று சொல்லவில்லை, அவள் உண்மையாகவே அப்படி நம்புகிறாள். இஸ்ரேலில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களிடமே விட்டபோது, திரையில் படித்தவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று கூடுதலாக எடைபோட்டார்கள், வாங்கிய மதிப்பெண்ணோ குறைவு. 2018-ல் 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். பாடம், தகவல் மாதிரியானவற்றில், அதுவும் நேரக் கெடுபிடியோடு படிக்கும்போது, தாளில் படித்தவர்கள் கை சற்று ஓங்கியிருந்தது. கதை படிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் நாவலை டேப்பில் படிக்கட்டும், தடுக்க வேண்டாம்.

ஏன் இப்படி என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேலூர்ப் புரட்சி 1806 என்பது எனக்கு இன்றைக்கும் இடப்பக்கத்தில், கீழே, பஜ்ஜி எண்ணெய் பட்ட இடத்துக்கு ஒரு வரி மேலேதான் இருக்கிறது. பரீட்சை ஹாலில் ஆண்டு மறந்தாலும் எண்ணெய்க் கறை ஞாபகம் வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவேன். டேப்பில் விரலால் தள்ளத் தள்ள வரி ஓடிக்கொண்டே இருக்கும், எந்த வரிக்கும் சொந்த இடம் கிடையாது. போதாததற்கு மேலே டிங் என்று வாட்ஸ்அப் வேறு.

ஆனால் புத்தகம் வாங்கிக் கொடுத்த கையோடு மதிப்பெண் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். தாளிலும் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டுப் பக்கம் புரட்டுபவர்கள் உண்டு, அவர்களுக்கும் ஒன்றும் நிற்காது. ஒரு பாடம் முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஞாபகம் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் நாலு வரிதான் வரும், அழுகையும் வரலாம். திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, மூடிவைத்து ஞாபகப்படுத்திப் பார்ப்பவருக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று 2006-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். டேப்பில் படித்தாலும் இதைச் செய்யலாம், காசும் மிச்சம்.

இன்னொன்று. குரூப் 4-ல் 3 மணி நேரத்தில் 200 கேள்வி, விடையை ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டத்தைக் கருப்பாக்கிக் காட்ட வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடையாது, அதில் வட்டம் நிரப்பும் நேரமும் அடக்கம். மாதிரித் தேர்வை மொபைல் ஆப்பில் தட்டித் தட்டி எழுதுகிறாளா என்று கேளுங்கள். அச்செடுக்கும் காசை அந்த வினாத்தாளுக்கும் ஓஎம்ஆர் தாளுக்கும் செலவழியுங்கள். நாளைக்கே வங்கித் தேர்வு எழுதப் போகிறாள் என்றால் இதே நான் கம்ப்யூட்டரில் உட்காரச் சொல்வேன், ஏனென்றால் அந்தத் தேர்வு கம்ப்யூட்டரில்தான்.

கேள்வி: வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பு எடுக்கிறேன். கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று நண்பன் உயிரை எடுக்கிறான்.
– கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

பதில்: அவன் சொல்வதற்கு 2014-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஆதாரம். பிற்பாடு அதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் வாத்தியார் சொன்னதை அப்படியே இறக்கிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான். உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதினால் லேப்டாப் ஒன்றும் பாவம் செய்யவில்லை.

கேள்வி: ஓலைச்சுவடியே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, நீங்கள் இன்னும் தாளைப் பிடித்துத் தொங்குகிறீர்களே?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஓலைச்சுவடிகளைக் காத்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கும் நம் புதுச்சேரி செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சொல்கிறீர்கள், சரிதான். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை. ஓலையைத் தொடாமலே எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், எங்கோ இருப்பவரும் படிக்கலாம். அங்கே திரைக்குத்தான் என் ஓட்டு.

வீட்டுக் கதையையும் கேளுங்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களெல்லாம் நனைந்து உப்பிப் போயின. டேப் சொட்டு நனையவில்லை, ஆனால் கரண்ட் இல்லாமல் மறுநாள் இரவே அணைந்துவிட்டது, மேல்தட்டுப் புத்தகத்தை மெழுகுவத்தியில் வைத்துப் படித்தேன். அப்புறம் நனைந்ததையெல்லாம் ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்தோம். இலக்கணப் புத்தகம் ஒன்று மட்டும் இன்னும் மூடவே மாட்டேன் என்கிறது, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருக்கிறோம்.