மலாவியில் தடுப்பூசி பிரிட்ஜ் பழுதுபார்த்தவன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்தவன். ஒரு தொண்டு நிறுவனம் வழியாகத் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி போய் ஆறு வருடம் கிராமத்து சுகாதார நிலையங்களில் தடுப்பூசி பிரிட்ஜும் ஆக்சிஜன் மெஷினும் சரிசெய்துகொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று கேட்காதீர்கள். மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆப்பிரிக்க வெயிலில் தடுப்பூசி கெட்டுப்போவதுதானே பெரிய தலைவலி?

நானும் அப்படி நினைத்துத்தான் போய் இறங்கினேன். முதலில், எல்லா இடமும் வெயில் இல்லை. ஜூன், ஜூலையில் டெட்சா மலைப்பக்கம் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. இரண்டாவது, சூட்டில் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். தடுப்பூசிக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் போடலாம், வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

என்னைப் படுத்தியது குளிர். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் எல்லாம் ஒருமுறை உறைந்தாலே போச்சு. அவற்றில் இருக்கும் அலுமினிய உப்பு திரண்டு, வீரியம் போய்விடும். உருகியபின் பார்த்தால் நல்லது மாதிரியே இருக்கும். அந்தச் சதுரமும் இதைக் காட்டிக்கொடுக்காது. சந்தேகம் வந்தால், அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்தில் இறங்கினால் குப்பைக்கு.

யார் உறையவைக்கிறார்கள் என்றால், அக்கறையானவர்கள்தான்! கிராமத்துக்குப் போகும் சுகாதாரப் பணியாளர், மருந்து சூடாகிவிடக் கூடாதே என்று பிரீசரிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்த கையோடு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். ஐஸ் பேக்கை வெளியே கொஞ்ச நேரம் போட்டு, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்போதுதான் வைக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். விடிகாலையில் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப் போகிறவரை நிறுத்தி, "ஐஸ் உருகட்டும், இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளே தடுப்பு வைத்து, உறையவிடாத பெட்டிகள் இப்போது வந்திருக்கின்றன. என் காலத்தில் நான் நிலையம் நிலையமாகப் போய் ஐஸ் பேக்கைக் காதோரம் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குப் பட்டப்பெயரே அதை வைத்துத்தான்.

கேள்வி: சோலார் போட்டுவிட்டால் கரண்ட் பிரச்சினை முடிந்ததே?

பாதி முடியும். கரண்ட்டை நம்பவே முடியாது என்பது உண்மை. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்தபோது நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது.

பழைய சோலார் பிரிட்ஜில் பேட்டரிதான் சனியன். சில வருடத்தில் செத்துவிடும், மாற்ற எந்தப் பட்ஜெட்டிலும் காசு இருக்காது. இல்லாவிட்டால் யாராவது வீட்டு விளக்குக்குக் கழற்றிக்கொண்டு போவார்கள். இப்போது வருவதில் பேட்டரியே கிடையாது. பகல் வெயிலில் உள்ளே ஐஸ் கட்டிவைத்துக்கொள்ளும், ராத்திரியும் மேகமூட்டமான நாளும் அந்த ஐஸில் ஓடும்.

ஒரு நிலையத்தில் புது பிரிட்ஜ் மத்தியானத்துக்கு மேல் குளிரவில்லை. கம்ப்ரசர், வயர் எல்லாம் பார்த்து ஒரு நாள் வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால், பேனல் வைத்தபோது இடுப்பளவு இருந்த மாமரம் வளர்ந்து நிழல் கட்டிவிட்டது. மரத்தை வெட்ட ஊர்த்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான், மக்காச்சோளம் தீர்ந்துபோகும் மாதங்களில் பிள்ளைகளுக்கு அந்த மாங்காய்தான். பேனலைத்தான் நகர்த்தினோம். தூரம் கூடியதால் தடித்த கேபிள் வேண்டும், அது வர இரண்டு மாதம்.

கேள்வி: சார், கோவையில் பயோமெடிக்கல் படிக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரிகள் கழிக்கும் கருவிகளைச் சேர்த்து அனுப்பலாமா?

மனசு நல்லது, ஆனால் அவசரப்படாதீர்கள். 2011ல் வந்த ஓர் ஆய்வு 16 ஏழை நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் கணக்கைப் பார்த்தது. சுமார் 38 சதவீதம் வேலை செய்யவில்லை. ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பின்புறம் நான் பார்த்த அறைக்குள் தானமாக வந்து பழுதான கருவிகள் குவிந்து, கதவு திறக்க இடமில்லை. 110 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகிப் புகைந்தது ஒன்று, மேனுவல் ஜெர்மன் மொழியில் இருந்தது ஒன்று. அனுப்பியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், குப்பையை அகற்றும் செலவு ஆஸ்பத்திரி தலையில்.

ஆக்சிஜன் மெஷினில் நான் பார்த்த பழுதில் பெரும்பாலானது, தூசி அடைத்த ஸ்பாஞ்ச் பில்டர். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். கருவிக்குப் பதில் பில்டர், வால்வு, ஸ்டெபிலைசர் அனுப்புங்கள். அதுவும் அவர்களிடம் கேட்டுவிட்டு.

கேள்வி: டாக்டர்கள் எல்லாம் இங்கிலாந்து போய்விடுகிறார்களாமே?

நர்ஸுகளும்தான். 2004ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மலாவி அரசு, வெளிநாட்டு உதவியோடு சுகாதாரப் பணியாளர் சம்பளத்தை 52 சதவீதம் கூட்டிக் கொடுத்துப் பிடித்து வைக்கப் பார்த்தது. ஓரளவு பலனும் இருந்தது. இன்னொன்று, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் பெரும்பாலும் செய்வது கிளினிக்கல் ஆபீசர்கள் (டிப்ளமா படித்துப் பயிற்சி பெற்றவர்கள்), எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை. கிளினிக்கல் ஆபீசர் படிப்பு வெளிநாட்டில் செல்லாது, அதனால் ஆள் ஊரிலேயே இருக்கிறார்.

கேள்வி: அங்கே அரசு ஆஸ்பத்திரி இலவசமாமே. பிறகு ஏன் ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள்?

வைத்தியம் இலவசம், பயணம் இலவசமா? சைக்கிள் டாக்ஸிக்குக் காசு வேண்டும். துணைக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். அவர் பானை, மாவு, விறகோடு வந்து ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கி நோயாளிக்கு 'ன்சிமா' கிண்டிக் கொடுப்பார் (மக்காச்சோள மாவுக் களி). விதைப்புக் காலத்தில் இப்படி இரண்டு பேர் வயலை விட்டு வந்தால் அந்த வருடச் சோறு போச்சு. தள்ளிப்போடாமல் என்ன செய்வார்கள்?

கேள்வி: ட்ரோன்?

ருவாண்டாவில் 2016லிருந்து ரத்தம் கொண்டுபோகிறார்கள். ரத்தத்துக்குச் சரி. பாரசிட்டமால் தீர்ந்ததற்கு ட்ரோன் வேண்டாம், தீரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிவைக்க ஒரு ஆள் போதும்.

கேள்வி: குளிரே வேண்டாத தடுப்பூசி வராதா அண்ணா?

கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆப்பிரிக்க மூளைக்காய்ச்சலுக்காகப் புனே சீரம் இன்ஸ்டிடியூட் செய்த மென்ஆப்ரிவாக் தடுப்பூசியை 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் போடத் தொடங்கினார்கள். 2012ல், 40 டிகிரி வரை நான்கு நாள் வெளியே இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நான்கு நாள் என்றால் ஐஸ் பேக் இல்லாமல் போய், போட்டு முடித்துத் திரும்பிவிடலாம்.

கேள்வி: நானும் ஏசி மெக்கானிக்தான். இந்த வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்க தம்பி. நல்ல மல்டிமீட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அங்கேயே உங்களோடு வேலை பார்க்கும் பையனுக்கு. சிச்சேவா மொழியில் இரண்டு சொல் இப்போதே படியுங்கள். 'சிகோமோ' என்றால் நன்றி. 'குலிபே மகெட்சி' என்றால் கரண்ட் இல்லை. இரண்டாவதுதான் அதிகம் காதில் விழும்.