லெட்டர்பிரஸ் அச்சு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: லெட்டர்பிரஸ் (மேடான எழுத்தில் மை தடவித் தாளை அழுத்தும் அச்சு) கற்க ஆசை. முதலில் மெஷின் வாங்கவா, எழுத்துகள் வாங்கவா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தெரிந்த அச்சகத்தில் ஸ்டிக்கை, அதாவது எழுத்து அடுக்கும் சிறு தட்டை, கையில் பிடித்து நாலு வரி அச்சுக் கோத்துப் பாருங்கள். எழுத்துகள் தலைகீழாக நிற்கும், ஆனால் இடமிருந்து வலமாகத்தான் அடுக்குவோம். ஒரு வரி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும், சட்டத்தில் முடுக்கித் தூக்கும்போது எழுத்து பொலபொலவென்று உதிரும். கொட்டியதைப் பொறுக்கி மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போட்ட பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் மெஷின் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அப்படியே மிச்சம் இருக்கிறது! எந்த மெஷின்?

சரி. அட்டை, அழைப்பிதழ் போதும் என்றால் மேசையில் வைக்கும் கைமெஷின், அடானா மாதிரி. போஸ்டர் போட ஆசை என்றால் வாண்டர்குக் போன்ற ப்ரூஃப் பிரஸ், அதாவது சோதனைப் படி (ப்ரூஃப்) எடுக்கும் மெஷின். ஹைடல்பெர்க் விண்ட்மில் தானே தாளை எடுத்து, மணிக்கு 5000 வரை அடிக்கும். ஆனால் அது ஒரு டன் கனம், முதல் மெஷினாக நான் சொல்ல மாட்டேன். எதை வாங்கினாலும் ரோலரையும் அதன் சக்கரங்களையும் பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் கருப்பாக, ஒரு பக்கம் வெளிறி விழுகிறது. மையைக் கூட்டிக்கொண்டே போகிறேன், சரியாகவில்லை.

முதலில் மையைக் குறையுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மையைத்தான் சந்தேகப்படுகிறார்கள், தப்பு பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். உலோக எழுத்தின் உயரம், அடியிலிருந்து மை ஏறும் முகம் வரை, 0.918 அங்குலம். ரோலர் அந்த உயரத்தைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். அதே உயரமுள்ள அளவுகட்டை ஒன்றை ரோலருக்கு அடியில் உருட்டிப் பாருங்கள். சுமார் 3 மி.மீ. அகலத்தில் ஒரே சீரான மைக்கோடு விழ வேண்டும். கோடு அகலமாக இருந்தால் ரோலர் தாழ்ந்திருக்கிறது, எழுத்தின் பக்கவாட்டிலும் மை ஏறும். ரோலர் ஓடும் தண்டவாளத்தில் டேப் ஒட்டினால் கொஞ்சம் உயரும்.

அது சரியாகியும் வெளிறினால், ஒரு தாளை அடித்துத் திருப்பிப் பாருங்கள். எங்கே அழுத்தம் விழவில்லை என்று பின்பக்கம் சொல்லிவிடும். அந்த இடத்தின் அளவுக்கு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து பேக்கிங்குக்குள் (அச்சாகும் தாளுக்குப் பின்னால் இருக்கும் காகித அடுக்கு) ஒட்டி, மறுபடி அடியுங்கள். இதுதான் மேக்ரெடி. எரிச்சலாகத்தான் இருக்கும், சில நாள் இதற்கே பாதி நேரம் போகும். பிளேட்டனின், அதாவது தாளை எழுத்தில் அழுத்தும் தட்டின், போல்ட்டுகளை மட்டும் முதல் நாளே திருகாதீர்கள், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

கேள்வி: எழுத்து தாளில் ஆழமாகப் பதிய வேண்டும் என்று கேட்கிறார்கள். பழைய அச்சுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

சிரிக்கத்தான் செய்வார். பின்பக்கம் தடவினால் மேடு தெரியக்கூடாது என்பதுதான் அவர் காலத்துத் தரம். ஈய எழுத்தை அப்படி அழுத்தினால் தேய்ந்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் போட்டோபாலிமர் பிளேட்டும் (ஒளியால் கெட்டியாகும் பிளாஸ்டிக் அச்சுத் தகடு) தடித்த பருத்திக் காகிதமும் எடுங்கள். தேய்ந்தால் வேறு பிளேட் செய்துகொள்ளலாம்.

கேள்வி: தமிழ் எழுத்துக்கு பிளேட் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புள்ளியை! பிளேட்டில் ஒளி படாத பகுதியைத் தண்ணீரில் கழுவி எடுப்பார்கள். அப்போது தனியாக நிற்கும் பொடிப் புள்ளிகளுக்குப் பிடிமானம் இருக்காது, கழன்று போகும். 'க்' என்பது 'க' ஆகிவிடும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், அல்லது புள்ளி தடித்த எழுத்துருவாக எடுங்கள். கோப்பு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

கேள்வி: வீட்டில் குழந்தை இருக்கிறது. ஈய எழுத்து ஆபத்தா?

எழுத்து உலோகம் என்பது ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் சேர்ந்த கலவை. சாதாரண வெப்பத்தில் அதிலிருந்து புகை வராது, பயம் தூசியில்தான். கையை சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். வெள்ளைப் பொடி பூத்த எழுத்தை ஊதவோ தேய்க்கவோ கூடாது, வாங்காமலே விட்டுவிடுங்கள். குழந்தையை அந்த அறைக்குள் விடாதீர்கள். இன்னொன்று, எண்ணெய் படிந்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: சின்ன ஸ்டுடியோ தொடங்கிவிட்டேன். கூலி எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு அட்டைக்கு இவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள். நேரம் தின்பது அடிப்பது அல்ல, ஆயத்தம். 100 அட்டைக்கும் 200 அட்டைக்கும் ஆயத்தம் ஒன்றுதான். அதைத் தனியாக ஒரு தொகையாக வையுங்கள், அதற்கு மேல் காகிதமும் ஓட்டமும் (தாள்களை ஒருமுறை மெஷினில் அடிப்பது). இரண்டு நிறம் என்றால் இரண்டு பிளேட், இரண்டு ஓட்டம், நடுவில் ஒரு கழுவல். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் பெரும்பாலும் அதுவே அழகாக இருக்கும்.

காகிதம் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ப்ரூஃபில் கையெழுத்து வாங்காமல் பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள், சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

கேள்வி: எந்த வேலையை மறுக்கலாம்?

கருப்புக் காகிதத்தில் வெளிர் நிற மை கேட்பவரை. லெட்டர்பிரஸ் மை அடிநிறத்தை மறைக்காது, ஃபாயில் (சூட்டால் ஒட்டும் மெல்லிய நிறத்தாள்) போடும் இடத்துக்கு அனுப்புங்கள். புகைப்படம் கேட்பவரை ஆஃப்செட்டுக்கு. பெரிய நிறப்பட்டையும் பொடி எழுத்தும் ஒன்றாக வந்தால் மறுக்க வேண்டாம், ஆனால் இரண்டு ஓட்டமாகப் பிரித்து அதற்கான கூலியையும் கேளுங்கள். பட்டைக்குப் போதுமான மை பொடி எழுத்தை அடைத்துவிடும்.