உபயதாரர் பட்டியலும் நீங்கள் அழுத்திய ஒப்புதல் பொத்தானும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதும் வாசகர், ஒரு கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். பெயர், முகவரி, கைப்பேசி எண், நட்சத்திரம் அடங்கிய உபயதாரர் பட்டியலைத் தம் சொந்த மடிக்கணினியில் வைத்திருந்தவர், இலவசமாக ரசீது தயாரித்துத் தரும் ஓர் இணையதளத்தில் அதை ஏற்றினார். புரட்டாசி விரத நாட்களில் உபயதாரர்கள் பலருக்கு இறுதிச்சடங்குக் காப்பீடு விற்கும் அழைப்புகள் வந்தன. அந்தத் தளம் தனியுரிமைக் கொள்கையைச் சொல்லாமல் மாற்றிவிட்டது என்றும், அது நிறுவச் சொன்ன செயலி தம் கணினியின் பிற கோப்புகளையும் படித்தது என்றும் சொல்லி, நட்டஈட்டு வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்கிறார். பழைய கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே புகுந்து பட்டியலை அழித்துவிட அவருடைய மகன் தயாராக இருக்கிறாராம்.

கொள்கையை எப்போது மாற்றினார்கள், விரத நாளில் ஏன் கூப்பிட்டார்கள் என்பவற்றுக்குக் கடிதத்தில் மூன்று பக்கம் செலவிட்டிருக்கிறீர்கள்; வழக்குக்கு அவை பெரிதாக உதவா. கேள்வி ஒன்றுதான்: அந்தப் பட்டியலை வெளியார் ஒருவரிடம் கொடுக்க, அதிலுள்ளவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தந்திருந்தார்களா? நீங்கள் அழுத்திய பொத்தான் உங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லோரும் போப்பியா என்று சொல்லும் சட்டம், ஒப்புதல் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தகவலைக் கையாள்பவர் மீதே வைத்திருக்கிறது. உபயதாரருக்கு எதிரே அந்த இடத்தில் நிற்பது உங்கள் கோயில். சொந்தக் கணினி, சொந்த வீடு என்று வாதாடவும் வழியில்லை, ஏனெனில் முற்றிலும் சொந்த அல்லது குடும்ப அலுவலுக்கு மட்டுமே சட்டம் விலக்கு அளிக்கிறது. கோயில் கணக்கு அதில் சேராது. போதாததற்கு, சமய நம்பிக்கையைக் காட்டும் தகவல் தனிக் காப்புடையது. சமய அமைப்பு தன் உறுப்பினரின் அத்தகைய தகவலை வைத்திருக்கலாம், ஆனால் அவர் ஒப்புதலின்றி மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது.

நீங்கள் வழக்குத் தொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் இவ்வகை வழக்குகளில் கட்சிக்காரர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 99ஆம் பிரிவின்படி நட்டஈடு கேட்கையில் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வாதியின் ஒப்புதலும் வாதியின் தவறும் அதே பிரிவில் எதிர்வாதங்களாக உள்ளன, தளத்தை நடத்தும் நிறுவனம் இரண்டையும் எடுத்து வைக்கும். அதைவிட மோசமானது, உங்கள் மனுவில் நீங்களே எழுதித்தரும் உண்மைகளைப் பிடித்துக்கொண்டு, கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டாத அதே பிரிவின் கீழ் எந்த உபயதாரரும் கோயில் மீது வழக்குப் போடலாம். இச்சட்டத்தைக் கண்காணிக்கும் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்து அபராதம் வாங்கிக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறீர்கள். 2023இல் அரசின் நீதி, அரசமைப்பு மேம்பாட்டுத் துறைக்கே 50 லட்சம் ரேண்ட் அபராதம் விதித்த ஆணையம்தான் அது. ஆனால் அபராதப் பணம் புகார் கொடுத்தவர் கைக்கு வருவதில்லை, விசாரணையும் உங்கள் பக்கத்தை விட்டுவைக்காது.

தகவல் உரிமையற்றவர் கைக்குப் போனதாக நம்பக் காரணம் இருந்தால், ஆணையத்துக்கும் பட்டியலில் உள்ளவர்களுக்கும் இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. காப்பீட்டுக்காரர் கையில் எண்கள் இருப்பதே போதுமான காரணம். நிர்வாகக் குழு கூடிப் பேசட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிற கோப்புகளை அந்தச் செயலி படித்தது மட்டும் உங்கள் சொந்த உரிமையை மீறிய செயல். சட்டம் கேட்கும் ஒப்புதல் குறிப்பான, விவரம் அறிந்த ஒப்புதல் என்பதால் அங்கே உங்களுக்கு வாதம் உண்டு. ஆயினும் அதை மெய்ப்பிக்கத் தேவைப்படும் கணினி நிபுணரின் கட்டணம், கிடைக்கக்கூடிய தொகையை விழுங்கிவிடும். செயலியை நீக்கவோ கணினியைத் துடைக்கவோ வேண்டாம், இணைய இணைப்பை மட்டும் துண்டித்து அப்படியே வையுங்கள்.

உங்கள் மகனைத் தடுத்துவிடுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினி அமைப்பில் நுழைவது 2020ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரையிலும், அங்குள்ள தரவை அழிப்பது பத்து ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அது உங்கள் பட்டியல்தான் என்பது காப்பாற்றாது.

சமரசம் செய்துகொள்ளுங்கள். பணம் கேட்காதீர்கள், தகவல் யார் யாருக்குப் போனது என்ற விவரத்தையும், நிறுவனத்திடமும் தகவலைப் பெற்றவர்களிடமும் இருந்த படிகள் அழிக்கப்பட்டன என்ற பிரமாணப் பத்திரத்தையும் கேளுங்கள். நிறுவனம் அனுப்பும் ஒப்பந்த வரைவில் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். நடந்ததை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற இரகசியக் கட்டுப்பாடு ஒன்று. 22ஆம் பிரிவின் கடமையோடு அது நேராக மோதும். உபயதாரர்கள் வழக்குப் போட்டால் நிறுவனத்தின் இழப்பைக் கோயில் ஈடுசெய்யும் என்ற உறுதி மற்றொன்று. இலவச ரசீதுக்காகக் கோயில் சொத்தைப் பணயம் வைப்பதாக அது முடியும். இவ்விரண்டையும் நீக்காமல் கையெழுத்திடாதீர்கள்.