பணம் எங்கே போனது?

கேள்வி: சோவியத் யூனியன் செஸ்ஸில் அத்தனை ஆண்டு கோலோச்சியதற்கு அரசாங்கம் கொட்டிய பணம்தானே காரணம்? அதைத் திறமை என்று கொண்டாடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கொட்டியது உண்மைதான். எங்கே கொட்டியது என்பதையும் பாருங்கள்.

1924-இல் கிரிலென்கோ என்ற போல்ஷெவிக் தலைவர் செஸ் அமைப்புக்குப் பொறுப்பேற்றார். மறு ஆண்டே மாஸ்கோவில் அரசுச் செலவில் சர்வதேசப் போட்டி நடந்தது. அன்றைய உலக சாம்பியன் காபபிளாங்காவும் அவருக்கு முந்தைய சாம்பியன் லாஸ்கரும் வந்து ஆடினார்கள். அதைவிடப் பெரிய காரியம், செஸ்ஸைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனது. தொழிற்சங்கங்களில் செஸ் குழுக்கள் வந்தன. அப்புறம் 'பயனியர் மாளிகை' எனப்பட்ட சிறுவர் மன்றங்களில் இலவச வகுப்பு, சொல்லிக்கொடுப்பதையே வேலையாகக் கொண்ட பயிற்சியாளர்.

1946. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் முற்றுகையால் நொறுங்கிப்போன லெனின்கிராடு நகரம். ஒன்பது வயது ஸ்பாஸ்கியின் வீட்டில் வறுமை. அந்தப் பையனைப் பயனியர் மாளிகையில் சேர்த்துக்கொண்டு வளர்த்தவர் விளாதிமிர் சாக். கோர்ச்னோயும் அவரிடம் படித்தவர்தான். ஸ்பாஸ்கி உலக சாம்பியன் ஆனார், கோர்ச்னோய் இரண்டு முறை அந்தப் பட்டத்துக்காக மோதினார். இந்த வாத்தியாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பயிற்சி என்றால் சும்மா ஆடித் தள்ளுவது இல்லை. 1948-இல் உலக சாம்பியனான போத்வின்னிக் மின்பொறியாளர். எதிராளியின் சிகரெட் புகை தொந்தரவு செய்கிறது என்பதால், பயிற்சி ஆட்டங்களில் நண்பர் ரகோசினை முகத்தில் புகை ஊதச் சொல்லிப் பழகிக்கொண்டவர். தன் ஆட்டங்களைத் தானே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து அச்சில் வெளியிடுவார், பிறர் பிழை காட்டட்டும் என்று. அவர் நடத்திய செஸ் பள்ளிக்குச் சிறுவர்கள் சில நாள் வந்து தங்கள் ஆட்டங்களைக் காட்டிவிட்டு, வீட்டுப்பாடத்தோடு ஊர் திரும்புவார்கள். பின்னாளில் உலக சாம்பியன்களான கார்ப்போவும் காஸ்பரோவும் அப்படி வந்தவர்கள்.

1952 முதல் 1990 வரை சோவியத் ஆண்கள் அணி கலந்துகொண்ட செஸ் ஒலிம்பியாடுகளில் (நாடுகள் அணியாக மோதும் போட்டி) 1978 தவிர எல்லாவற்றிலும் தங்கம். ஒரு தலைமுறை சோர்ந்தால் அடுத்தது தயாராக நின்றது.

விலை இல்லாமல் இல்லை. கிரிலென்கோவை அதே அரசு 1938-இல் சுட்டுக் கொன்றது. கோர்ச்னோய் 1976-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடப் போனவர் நாடு திரும்பவில்லை. இதை மறைத்துவிட்டுப் பாராட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பணம் இருந்தால் போதும் என்றால் 1972-இல் அமெரிக்கரான ஃபிஷர் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியை வென்றிருக்க முடியாது. சரி, அந்த ஃபிஷரும் சோவியத் செஸ் பத்திரிகைகளைப் படிக்கவே ரஷ்ய மொழி கற்றார்!

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை சோவியத் கலாசார மையத்தில் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கியது டால் செஸ் கிளப். சிறுவன் ஆனந்த் அங்கேதான் பிளிட்ஸ் எனும் அதிவேக செஸ் ஆடிப் பழகினார். ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.