'இட் இஸ் ஹாட் டுடே' என்பதில் 'இட்' எதைக் குறிக்கிறது?

எதையும் குறிக்கவில்லை. தமிழில் 'இன்று வெயிலாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியம் போன்ற சிலவற்றைத் தவிர எழுவாய் இருந்தே ஆக வேண்டும். அதனால் காலி இடத்தில் 'இட்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'இட் இஸ் டிஃபிகல்ட் டு பார்க் ஹியர்' கதை கொஞ்சம் வேறு. இதில் கருத்தளவில் எழுவாய் 'டு பார்க் ஹியர்' தான். 'டு பார்க் ஹியர் இஸ் டிஃபிகல்ட்' என்றாலும் இலக்கணப்படி சரி, ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்? நீளமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளுவது ஆங்கிலத்தின் வழக்கம். தள்ளியதும் முன்னால் 'இட்' இடம்பிடிக்கிறது.

'இட் இஸ் ஹாட்' என்பதில் 'இட்' எதையாவது குறிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் 'வாட் இஸ் ஹாட்?' என்று கேட்டுப் பாருங்கள். 'த காஃபி' என்று பதில் வந்தால் அது ஒரு பொருளைக் குறிக்கும் நிஜமான 'இட்'.