முகவாதத்துக்குச் சூயிங்கம் மெல்லலாமா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி அசையவே இல்லை, கண்ணும் மூடவில்லை. இது பெல்ஸ் பால்சி என்ற முகவாதம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டு முடித்துவிட்டேன். இப்போது உதட்டோரம் லேசாக அசைகிறது. சூயிங்கம் மெல்லு, பலூன் ஊது, கரண்ட் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது, எவ்வளவு நேரம்?

பதில்: முதலில் சூயிங்கத்தைத் துப்பிவிடுங்கள். மெல்லுவது தாடைத் தசைகளின் வேலை. அவற்றை இயக்குவது ஐந்தாவது மண்டை நரம்பு. உங்களுக்குப் பாதிக்கப்பட்டிருப்பது ஏழாவது, அதாவது முகநரம்பு. இரண்டு கன்னத்திலும் விரலை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். வலது பக்கமும் இடது பக்கம் போலவே புடைக்கும். நன்றாக இருக்கிற தசைக்கு எதற்குப் பயிற்சி? மெல்லும்போது வலது கன்னத்துக்குள் உணவு போய் ஒதுங்கிக்கொள்ளுமே, அது மட்டும் ஏழாவது நரம்பின் விஷயம். கன்னத்தைப் பல்லோடு ஒட்டிப் பிடிக்கும் பக்சினேட்டர் தசை தளர்ந்துபோனதால் வருவது.

பலூன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கை கால் தசைகள் எலும்பை இழுத்து மூட்டை அசைப்பவை. முகபாவத் தசைகள் பெரும்பாலும் எலும்பில் தொடங்கித் தோலில் போய் முடிகின்றன. அவை தூக்க எடை எதுவும் இல்லை, மெல்லிய தோலை அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும். ஆகவே முக்கி முக்கிப் பலம் ஏற்றும் ஜிம் கணக்கு இங்கே செல்லாது. முழு மூச்சில் ஊதும்போது நல்ல பக்கம்தான் ஓடி வந்து வேலையைப் பிடித்துக்கொள்ளும். வாய் இன்னும் இடது பக்கமாகக் கோணும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. முகநரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. அங்கே வீங்கினால் நரம்புக்கு விலகிக்கொள்ள இடமில்லை, நசுங்குகிறது. மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். உள்ளிழையே அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் புதிதாக வளர வேண்டும். வளரும் இழைகள் சிலசமயம் வீடு மாறிப் போய்விடும். உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணிமைக்குப் போனால், சிரிக்கும்போதெல்லாம் கண் சுருங்கும். இதற்கு சின்கைனீசிஸ் என்று பெயர். வலுக்கட்டாயமாகச் செய்யும் பயிற்சி இந்தத் தப்பான கூட்டசைவைத்தான் பழக்கப்படுத்தும் என்பது முக மறுவாழ்வில் வேலை செய்யும் பலரின் அனுபவம். என்னுடையதும் அதுதான்.

கரண்ட் நான் வைப்பதில்லை. பெல்ஸ் பால்சியில் அது பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தசைகளை ஒரே இழுப்பில் சுருங்க வைக்கிறது. நமக்கு வேண்டியது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அசைப்பது. முகத்தில் மின்சாரம் வைத்து உண்மையான லாபம் பார்த்தவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். ஒவ்வொரு தசையாகத் தூண்டி, எது எந்தப் பாவத்தைத் தருகிறது என்று 1862-இல் படங்களோடு வெளியிட்டார். அவர் செய்தது ஆராய்ச்சி, சிகிச்சை அல்ல.

சரி, என்னதான் செய்வது? கண்ணாடி முன் உட்காருங்கள். கண்ணாடி அவசியம். கை எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணுணர்விகள் முகத் தசைகளில் கிட்டத்தட்ட இல்லை. முகம் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இடது கன்னத்தை விரலால் லேசாக அடக்கிக்கொண்டு, வலது உதட்டோரத்தை மெதுவாக, சிறிதளவு தூக்குங்கள். கண் சுருங்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, அதைவிடச் சின்ன அசைவாகச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. களைப்பு வரும்வரை போகக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் இப்போது எல்லாவற்றையும்விட அவசரம்: கண். இமையைத் திறக்கும் தசைக்கு மூன்றாவது நரம்பு, மூடும் தசைக்கு ஏழாவது. அதனால்தான் உங்கள் கண் திறந்தபடியே நிற்கிறது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் கண் களிம்பு. தூங்கும்போது இமையை டேப்பால் மூடி ஒட்டும் முறையை ஒருமுறை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உதட்டோரம் மூன்று வாரத்தில் அசைந்தது நல்ல சேதி. டென்மார்க்கின் பீட்டர்சன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையே பெறாத 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளில் 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 சதவீதம் பேர் முழுமையாகக் குணமானார்கள். ஸ்டீராய்டு இந்த வாய்ப்பை இன்னும் கூட்டுகிறது.

வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் செல்போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்: புருவத்தைத் தூக்கி, கண்ணை மூடி, சிரித்து, உதட்டைக் குவித்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் காட்டுங்கள். மூன்று மாதமாகியும் முழுதாகத் திரும்பாவிட்டாலோ, வந்த அசைவு மறுபடி குறைந்தாலோ, பெல்ஸ் பால்சி என்ற முடிவையே மறுபரிசீலனை செய்யச் சொல்ல வேண்டும். சிரிக்கும்போது கண் சுருங்குவது நிலைத்துவிட்டால் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்து உதவும்.